பரலுக்குள் ஓடுது, கடலில் நிற்குது: திருக்கடலூர்ப் பக்கத்து மோட்டர் கராஜ் பற்றி என் அனுபவம்

திருகோணமலையில் அவுட்போட் மோட்டர், அதாவது போட்டின் பின்னால் பூட்டுகிற மோட்டர், திருத்த நம்பிக்கையான ஆள் யார் என்று போன மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதி வைத்தால் எல்லாருக்கும் உதவும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுவை குறைந்து, இருமி இருமி நின்றுபோகிற மோட்டர் உங்களிடம் இருந்தால் நேரே இவரிடம் கொண்டுபோங்கள். எட்டுக் கிழமையாக என்னைப் பாடாய்ப்படுத்திய கோளாறை இவர் ஒன்றரை நாளில் கண்டுபிடித்தார், அதுவும் மோட்டருக்குள் ஒரு சாமானும் மாற்றாமல்.

நான் நிலாவெளியில் போட் ஓட்டுகிறேன். 19 அடி பைபர் போட், 40 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் மோட்டர், மச்சானும் நானும் பங்கு. மே தொடங்கி செப்டெம்பர் வரை புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றி இறக்குவோம், சில நாள் விடியவே திமிங்கிலமும் டொல்பினும் பார்க்க ஆழத்துக்குக் கொண்டுபோவோம், வாடை தொடங்கினால் கடல் இடம் தருகிற நாட்களில் வலை. புறாத்தீவு கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர்தான், ஐந்து நிமிடத்தில் போய்விடலாம். அந்தத் தூரத்துக்கு மோட்டர் குதிரை மாதிரி ஓடும். ஆழத்துக்குப் போகும்போதுதான் பிரச்சினை. முழு வேகத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போனதும் சத்தம் மாறும், வேகம் தானாக விழும், மறுபடி ஒரு தரம் துள்ளி எழும், பிறகு விழும், அப்புறம் அணைந்துவிடும். ஐந்து நிமிடம் சும்மா விட்டு இழுத்தால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். இன்னொரு பத்து நிமிடம் ஓடும். திரும்ப அதே கதை.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு போயிருந்தோம், அதில் ஒரு சின்னப் பிள்ளையும் இருந்தது. பத்து மணி தாண்டியதும் கச்சான் எழும்பிவிட்டது. கிழக்குக் கரையில் தொழில் செய்கிறவர்களுக்குக் கச்சான் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அது கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று, மோட்டர் நின்றால் போட்டை வெளியேதான் தள்ளும். நங்கூரம் போடலாம் என்றால் திருகோணமலைக் கடல் கரைக்குக் கிட்டவே திடீரென்று ஆழமாகிவிடுகிற கடல், எங்கள் கயிறு அடியை எட்டாது. கோணேசர் மலை சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்தபடி நான் மோட்டரின் ஸ்டார்ட் கயிற்றை இழுத்தது இன்றைக்கும் கையில் இருக்கிறது. ஆறாவது தரம் பிடித்தது, நான்கு நிமிடம் ஓடியது, நின்றது. கடைசியில் இன்னொரு போட் வந்து கட்டி இழுத்துக் கரை சேர்த்தது. அந்தப் பிள்ளையின் தாய் என்னை ஒரு வார்த்தையும் திட்டவில்லை, இறங்கும்போது பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனார், அவ்வளவுதான். அன்றைக்கே ஆழத்துக்குப் போவதை நிறுத்தினேன்.

அதற்கு முன்பே ஓரிடத்தில் காட்டியிருந்தேன், இடத்தின் பெயர் வேண்டாம். அங்கே மோட்டரைத் தண்ணீர்ப் பரலுக்குள் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். பரலுக்குள் அரை மணித்தியாலம் சும்மா ஜம்மென்று ஓடியது. பிளக் மாற்றினார்கள், பெற்றோலையும் காற்றையும் கலக்கிற காபரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள், "சரி, கொண்டுபோங்கோ" என்றார்கள். மறுநாளே நின்றது. திரும்பக் கொண்டுபோனேன், பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற கொயில் போயிருக்கும் என்று சொல்லி அதையும் மாற்றினார்கள். எல்லாமாக 40,000 ரூபாய்க்குக் கிட்டப் போனது, கோளாறு அப்படியே இருந்தது. அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பரலுக்குள் காட்டாத கோளாறைப் பரலுக்குள் தேடினார்கள், அதுதான் நடந்தது.

மூதூரில் வலை போடுகிற ஒரு நண்பன்தான் இந்தக் கராஜைச் சொன்னான். திருக்கடலூர்ப் பக்கம், கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கைக்குள், பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கொட்டகை, முன்னுக்கு நீலத் தறப்பாள், ஒரு பக்கம் மரச் சட்டத்தில் வரிசையாக மோட்டர்கள், பெரும்பாலும் யமஹாவும் சுசுகியும்தான், சிலதுக்கு மூடி இல்லை, சிலதுக்குக் கால் இல்லை. வாசலில் "சிகரெட், பீடி வேண்டாம்" என்று கரித்துண்டால் எழுதிய ஒரு பலகை மட்டும் உண்டு. நடத்துகிறவர் அறுபதைத் தாண்டிய அண்ணன் ஒருவர், கூட ஒரு பொடியன். காலை ஆறரைக்குத் திறப்பார், வெயில் ஏறினால் ஒரு மணியோடு மூடுவார், பின்னேரம் நாலுக்குத் திரும்பவும் திறப்பார்.

நான் மோட்டரை மட்டும் பட்டா என்கிற சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு போனேன். இறக்கவே விடவில்லை. முதலில் கேள்விதான்.

"தம்பி, நிக்கேக்க எப்பிடி நிக்குது? சுவிச்சை அமத்தின மாதிரி டக்கெண்டு நிக்குதோ, இல்லாட்டிப் பசியில நடக்கிறவன் மாதிரி இழுத்து இழுத்து நிக்குதோ?"

இழுத்து இழுத்துத்தான் என்றேன்.

"அப்ப முதல்ல எண்ணெயைப் பாப்பம், கரண்டைப் பிறகு பாப்பம். சோக்கை இழுத்துப் பாத்தனீங்களோ?"

பார்க்கவில்லை என்றேன். இருமத் தொடங்குகிற நேரத்தில் சோக்கை ஒரு தரம் இழுத்தால் மோட்டர் சற்று எழும்புகிறதா என்று பார்த்திருந்தால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கும் என்று சொன்னார். சோக் காற்றைக் குறைக்கும், அப்போது எழும்பினால் பெற்றோல் போதாமல் தவிக்கிறது என்று அர்த்தம். இரண்டு மாதமாக நான் செய்யாத ஒரு சோதனை அது, ஒரு சதமும் செலவில்லை.

அப்புறம் பிளக்கைக் கழற்றினார். புதிதாகப் போட்ட பிளக்தான், ஆனால் நுனி வெளிறிக் கிடந்தது. நன்றாக எரிகிற டூ ஸ்ட்ரோக்கில் அது பால்விட்ட கோப்பி நிறத்தில் இருக்க வேண்டும். வெள்ளையாகக் கிடந்தால் காற்று கூடி, பெற்றோல் குறைந்து, சூடாக எரிகிறது. அந்தப் பிளக்கை என் உள்ளங்கையில் வைத்து, "இது வருத்தக்காரன்ர நாக்கு மாதிரி, பாக்கத் தெரிஞ்சா எல்லாம் சொல்லும்" என்றார்.

அதற்குப் பிறகுதான் அவர் சொன்னது எனக்கு எரிச்சலைத் தந்தது: மோட்டரை மட்டும் கொண்டுவந்து பிரயோசனமில்லை, போட், டாங்கி, ஹோஸ் எல்லாம் வேண்டும், கடலில் வைத்துத்தான் பார்ப்பேன் என்றார். திரும்பிப் போய், மறுநாள் விடிய நண்பனின் போட் துணைக்கு வர, கரையோரமாக மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தேன். வந்ததும் ஏன் என்று விளக்கினார். பரலுக்குள் காற்றாடி தண்ணீரைச் சுழற்றுகிறதே தவிரப் போட்டைத் தள்ளுவதில்லை, முழு வேகமும் கொடுக்க முடியாது, அதனால் மோட்டர் குடிக்கிற பெற்றோல் கொஞ்சம்தான். கடலில் ஆட்களோடு முழு வேகத்தில் போனால் என்னுடையது போன்ற மோட்டர் மணித்தியாலத்துக்கு 15 லீற்றருக்கு மேல் குடிக்கும். சின்னக் குழாயாலும் கொஞ்சத் தண்ணீர் வரும், குடம் நிறைக்கும்போதுதான் குழாய் அடைபட்டது தெரியும் என்றார். எனக்கு அப்போதுதான் விளங்கியது, ஏன் புறாத்தீவுக்குப் போகும்போது கோளாறு ஒளிந்துகொண்டது என்று.

இனி அவர் செய்த சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்காகத்தான் இந்தப் பதிவே.

மோட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே பில்டருக்கும் பெற்றோல் பம்புக்கும் நடுவில் ஒரு சாண் நீளத்துக்குத் தெளிந்த ஹோஸ் ஒன்றைப் பொருத்தினார், உள்ளே ஓடுகிறது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. சோதனைக்கு மட்டும்தான், நிரந்தரமாகப் போடக் கூடாது, பெற்றோல் பட்டு நாளடைவில் அது விறைத்து வெடித்துவிடும் என்று பொடியனிடம் சொல்லிக்கொண்டே பொருத்தினார். பிறகு தன்னுடைய டாங்கி, தன்னுடைய ஹோஸ் இரண்டையும் என் போட்டில் வைத்தார். மூவரும் ஏறி, எடைக்கு நான்கு மணல் மூட்டையும் ஏற்றிக்கொண்டு வெளியே போனோம். முழு வேகத்தில் அரை மணித்தியாலம். மோட்டர் ஒரு தரம்கூட இருமவில்லை. தெளிந்த ஹோஸுக்குள் பெற்றோல் கண்ணாடி மாதிரி அசையாமல் நின்றது. "பம்ப் நல்லம், காபரேட்டர் நல்லம், கொயிலும் நல்லம்" என்றார். இரண்டு மாதமாக நான் காசு கொட்டிய காபரேட்டரும் கொயிலும், கூடவே பம்பும், அந்த அரை மணித்தியாலத்தில் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டன.

அடுத்தது என் டாங்கி, என் ஹோஸ். பதினோராவது நிமிடத்தில் தெளிந்த ஹோஸுக்குள் முதலில் ஒரு குமிழி, பிறகு இரண்டு, பிறகு சோடாப் போத்தல் திறந்த மாதிரி வரிசையாக. அதே நேரம் டாங்கிக்கும் மோட்டருக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் பல்பைப் பார்க்கச் சொன்னார். கையால் அமத்திப் பெற்றோல் ஏற்றுவோமே, அதேதான். அது யாரோ உள்ளிருந்து உறிஞ்சுவது போலச் சப்பளிந்து கிடந்தது. நான் எத்தனையோ தரம் அந்தப் பல்பை அமத்தியிருக்கிறேன், ஓடும்போது ஒரு நாளும் பார்த்ததில்லை.

பல்ப் சப்பளிந்தால் அதற்கு முன்னால், அதாவது டாங்கிப் பக்கம், அடைப்பு. அவர் உடனே டாங்கி மூடியைத் தளர்த்தினார். டாங்கிக்குக் காற்றோட்டத் திருகு ஒன்று உண்டு, அதைத் திறக்க மறந்தால் பெற்றோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் வந்து மோட்டர் நின்றுபோகும், மூடியைத் திறந்தவுடன் உஸ் என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும். எங்களுக்கு அந்தச் சத்தம் வரவில்லை. டாங்கிக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயை வெளியே எடுத்து, நுனியில் உள்ள வலையைப் பார்த்தார், சுத்தம். கடைசியாக என் டாங்கிக்குத் தன் ஹோஸைப் பூட்டி ஓட்டினார். இருபது நிமிடம் ஓடியது, கோளாறு இல்லை. மிச்சம் இருந்தது என் ஹோஸ் மட்டும்தான்.

கரைக்கு வந்து அந்த ஹோஸை ஒரு பலகையில் நீட்டி வைத்து, பிளேட்டால் நீளவாக்கில் கீறினார். வெளியே பார்த்தால் புத்தம் புதுசு, கறுப்பு மினுக்கம் போகவில்லை. உள்ளே, பல்புக்கு ஒரு அடி முன்னால், ரப்பரின் உட்தோல் வெங்காயத் தோல் மாதிரிக் கழன்று, ஒரு மடிப்பாகக் குழாயின் குறுக்கே விழுந்து கிடந்தது. விரலால் தள்ளினால் மூடியது, விட்டால் திறந்தது. மோட்டர் மெதுவாக உறிஞ்சும்போது ஓரமாக ஒட்டிக்கொண்டு வழி விட்டிருக்கிறது. நெடுநேரம் பலமாக உறிஞ்ச உறிஞ்சக் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பிக் குறுக்கே வந்து கதவடைத்திருக்கிறது. நின்று ஐந்து நிமிடம் ஆறினால் பழையபடி படுத்துவிடும். நகத்தால் சுரண்டினேன், கரி மாதிரி ஒட்டியது. அதை இப்போதும் வீட்டில் வைத்திருக்கிறேன், போட் ஓட்டுகிற தம்பிமாருக்குக் காட்டுவதற்கு.

குமிழி வேறு இடத்திலிருந்து. ஹோஸ் மோட்டரில் பூட்டுகிற கொழுக்கிக்குள் சின்ன ரப்பர் வளையம் ஒன்று இருக்கிறது, அது விறைத்து வெடித்திருந்தது. அந்த இடத்தில் பெற்றோல் வெளியே சொட்டாது, ஏனென்றால் ஓடும்போது அங்கே உறிஞ்சல்தான், காற்று உள்ளே போகும். சொட்டு இல்லை என்பதால் ஒழுக்கு இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முன்னால் அடைபட, பம்ப் இன்னும் பலமாக உறிஞ்ச, அந்த வளையத்தால் காற்றை இழுத்திருக்கிறது. ஒரு கோளாறு மற்றதைக் கூப்பிட்டிருக்கிறது.

அந்த ஹோஸை நான் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஹாட்வெயாரில் அடிக்கணக்கில் வெட்டி வாங்கினேன், மலிவு. பெற்றோலுக்கு என்றுதான் கேட்டேன், தந்தார்கள். கடல் மோட்டருக்கென்று செய்த ஹோஸில் அது அச்சடித்திருக்கும், வாங்கும்போது அந்த எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.

அண்ணன் சொன்ன இன்னொரு விடயத்தை டூ ஸ்ட்ரோக் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். நமது மோட்டருக்கு எஞ்சின் ஒயில் தனியாக இல்லை, பெற்றோலோடுதான் போகிறது. என்னுடையதுக்கு ஐம்பதுக்கு ஒன்று, 24 லீற்றர் டாங்கிக்கு 480 மில்லிலீற்றர். பெற்றோல் குறைந்தால் ஒயிலும் குறைகிறது, அதே நேரம் சூடு கூடுகிறது. காற்றுக் குமிழியோடு முழு வேகத்தில் தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டன் ஒட்டிப் பிடித்துவிடும். நான் "இருமினால் என்ன, இன்னும் கொஞ்சம் முறுக்கினால் எழும்பும்" என்று முறுக்கிய நாட்கள் உண்டு. என் பிளக்கின் வெள்ளையைப் பார்த்து அவர் தலையை ஆட்டியது அதற்காகத்தான். இன்னும் ஒரு மாதம் அப்படி ஓட்டியிருந்தால் இன்றைக்கு நான் கராஜ் பற்றி எழுதாமல் புது மோட்டருக்குக் கடன் தேடிக்கொண்டிருப்பேன்.

புது ஹோஸ், புது பல்ப், இரண்டு பக்கக் கொழுக்கி, துருப்பிடிக்காத கிளிப். பல்பில் அம்புக்குறி மோட்டர் பக்கம் பார்க்க வேண்டும், உள்ளே ஒரு வழியில் மட்டும் விடுகிற வால்வு இருக்கிறது, மாறிப் பூட்டினால் ஒரு சொட்டும் போகாது. அதோடு தண்ணீர் பிரிக்கிற பில்டர் ஒன்றையும் போடச் சொன்னார், அடியில் தெளிந்த கிண்ணம் உள்ளது, 10 மைக்ரோன். முதலில் இது தேவையா என்று யோசித்தேன். போட்டு மூன்றாம் நாள் கிண்ணத்தில் ஒரு மேசைக்கரண்டி அளவு தண்ணீர் நின்றது. பெற்றோல் மேலே, தண்ணீர் கீழே, நடுவில் கத்தியால் வெட்டிய மாதிரி கோடு.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? என் பிளாஸ்டிக் கான்களிலிருந்து. 2022 ஆம் ஆண்டு பெற்றோல் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்ற காலத்தில் பிடித்த பழக்கம், கிடைக்கும்போது வாங்கிக் கானில் வைப்பது. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற ஊரில் பத்து லீற்றருக்காக இரவு படுத்திருந்தோம், அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அரைக் கானாக வெயிலிலும் இரவுக் குளிரிலும் வைத்தால் உள்ளே ஈரம் வியர்த்துத் தண்ணீராகி அடியில் சேரும். இப்போது கானில் இருந்து டாங்கிக்கு ஊற்றுவதற்கு முன் கொஞ்சத்தைத் தெளிந்த கண்ணாடிப் போத்தலில் எடுத்துப் பத்து நிமிடம் வைத்துப் பார்க்கிறேன். கானை ஆட்டாமல், அடியில் இரண்டு விரல்கடை மிச்சம் விட்டு ஊற்றுகிறேன்.

மண்ணெண்ணெய் பற்றியும் ஒரு சொல். நான் அங்கே இருந்த இரண்டு நாளும் வந்த மோட்டர்களில் பல, மண்ணெண்ணெயில் ஓடுபவை. பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணிச் சூடேற்றிப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற, அதற்கென்றே செய்த மோட்டர் வேறு. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆக ஏறிய பிறகு அந்தத் தொழிலாளிகள் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். ஆனால் பெற்றோல் மோட்டரில் காசு மிச்சம் பிடிக்க மண்ணெண்ணெய் கலந்து ஊற்றிக் கொண்டுவந்த ஒருவரை அண்ணன் என் கண் முன்னாலேயே கண்டித்தார். உள்ளே கரி பிடித்து, தட்டல் சத்தம் வந்து, பிஸ்டன் வளையம் ஒட்டிப் போயிருந்தது.

கடலில் நின்றால் என்ன செய்வது என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன ஒழுங்கு இது, நான் போட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன். முதலில் டாங்கி மூடி, காற்றுத் திருகு திறந்திருக்கிறதா. அடுத்து பல்ப். சப்பளிந்திருந்தால் டாங்கிப் பக்கம் அடைப்பு. எவ்வளவு அமத்தினாலும் கல்லு மாதிரி இறுகாமல் தொளதொளவென்று இருந்தால் எங்கேயோ காற்று இழுக்கிறது, அல்லது பல்பின் வால்வு போய்விட்டது, அல்லது காபரேட்டரின் ஊசி வால்வு மூடாமல் பெற்றோல் வழிகிறது, மூடியைத் திறந்தால் மணக்கும். பல்ப் இறுகி இருந்தும் மோட்டர் இருமினால், ஓடும்போதே விடாமல் அமத்திப் பாருங்கள். அமத்த அமத்த ஓடினால் பெரும்பாலும் பம்புக்குள் அசைந்து பெற்றோலை இழுக்கிற தோல், அதாவது டயபிரம், போயிருக்கும், இன்னொரு ஆள் அமத்திக்கொண்டிருக்க அரை வேகத்தில் கரைக்கு வந்துவிடலாம். அப்படியும் எழும்பாவிட்டால் பில்டர் அல்லது காபரேட்டருக்குள் பெற்றோல் வருகிற துளை, அதாவது ஜெட், அடைப்பு. மெதுவாக ஓட்டும்போது மட்டும் நின்று சோக்கோடு மட்டும் ஓடினால் சின்ன ஜெட் அடைப்பு. அதைக் கடலில் கழற்றக் கூடாது, சூடான மோட்டருக்குப் பக்கத்தில் பெற்றோல் திறப்பது நெருப்போடு விளையாட்டு. ஒரு அடி ஹோஸ், இரண்டு கிளிப், ஒரு ரப்பர் வளையம், பிளக் ஒன்று, இவ்வளவும் சின்ன டப்பாவில் போட்டில் இருக்கட்டும் என்றார்.

சரி, காசு. ஹோஸ், பல்ப், கொழுக்கி, பில்டர் எல்லாம் டவுனில் நானே வாங்கிக் கொடுத்தேன், 21,000 ரூபாய்க்குச் சற்று மேல். அவர் கூலி 6,000, சோதனைக்கு எரித்த பெற்றோல் என்னுடையது. இரண்டு தரம் கடலுக்கு வந்த ஆளுக்கு இது குறைவு என்றுதான் எனக்குப் பட்டது, கூடக் கொடுத்தேன், வாங்கவில்லை.

குறைகளும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். சாமான் ஒன்றும் கையில் வைத்திருப்பதில்லை. டயபிரம் செட் மாதிரி ஏதும் தேவைப்பட்டால் நீங்களே அலைய வேண்டும், கொழும்பிலிருந்து எடுப்பிக்கிற சாமானென்றால் ஒரு கிழமை போய்விடும். பில் கேட்டால்தான் எழுதித் தருவார், அதுவும் கொப்பித் தாளில், சங்கத்திலோ காப்புறுதியிலோ காட்டப் பயன்படாது. சீசன் நேரம் உங்கள் முறை வர நான்கு நாளும் ஆகலாம், தொலைபேசியில் பிடிப்பது கஷ்டம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இ.எப்.ஐ., அதாவது கொம்பியூட்டர் கணக்குப் பார்த்துப் பெற்றோல் விசிறுகிற அமைப்பு, வைத்த புது மோட்டர்களைத் தொடமாட்டார், "அதுக்கு கொம்பியூட்டர் வேணும், என்னட்ட இல்லை" என்று முதல் கேள்வியிலேயே சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். எனக்கு அது குறையாகப் படவில்லை, தெரியாததைத் தெரியும் என்று திறந்து பார்க்கிற கைகள்தான் எனக்குப் பயம். ஆனால் அப்படி மோட்டர் வைத்திருப்பவர்கள் வீணாக அலையாமல் இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

பேச்சு கொஞ்சம் கடுமை. காற்றுத் திருகைத் திறக்க மறந்து மோட்டரைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு வெளியூர்ப் பொடியன் பாவம், நன்றாக வாங்கிக் கட்டினான். ஆனால் அவனிடம் ஒரு சதமும் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு பதினெட்டு தரம் ஆழத்துக்குப் போய் வந்துவிட்டேன். முதல் இரண்டு தரம் ஆட்களை ஏற்றாமல் மச்சானும் நானும் மட்டும் போனோம், மச்சான் மோட்டர்ப் பக்கம், நான் பல்பையே பார்த்தபடி. நாற்பது நிமிடம், முழு வேகம், பல்ப் உருண்டையாகவே இருந்தது. மூன்றாம் தரம் பிளக் கழற்றிப் பார்த்தோம், கோப்பி நிறம்.

போகிறவர்கள் காலை ஆறரைக்கு முன்னால் போய் நில்லுங்கள். மோட்டரோடு உங்கள் டாங்கியையும் ஹோஸையும் கொண்டுபோங்கள், டாங்கியைக் கழுவ வேண்டாம், உள்ளே இருக்கிறது இருக்கிறபடியே வேண்டும் என்பார். முடிந்தால் போட்டையும்.